ஸ்டேட்லெஸ் பீனில் அடுத்தவர் பெயர் வந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

பொருநை:
ஜாவா ஈஈயில் (நிறுவன மென்பொருளுக்கான ஜாவா) எழுதிய கடன் விண்ணப்ப மென்பொருள். லாகின் செய்தவர் யார், எந்தக் கிளை என்ற விவரமெல்லாம் ஒரு ஸ்டேட்ஃபுல் பீனில், அதாவது ஒருவருக்கென்றே இருந்து அவர் விவரத்தை நினைவில் வைக்கும் ஜாவா ஆப்ஜெக்டில். அதைத் தூக்கி, யாரையும் நினைவில் வைக்காமல் எல்லோருக்கும் மாறி மாறி வேலை செய்யும் ஸ்டேட்லெஸ் பீனுக்குள் இஞ்செக்ட் செய்திருந்தார்கள், அதாவது தானாக இணையும்படி வைத்திருந்தார்கள். டெஸ்டிங்கில் ஒரே ஆள், எல்லாம் சரி. லைவ் போன அன்று மதியம் ஒரு மேலாளர் ஃபோனில் கத்துகிறார்: “நான் சாப்பிடப் போயிருந்தேன், என் பேரில் யாருய்யா ஒப்புதல் கொடுத்தது?” அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

கீபோர்டுசாமி:
எங்களுக்கு வம்பு த்ரெட்லோக்கலில், அதாவது ஒரு த்ரெட் (கோரிக்கைகளை ஓட்டும் இழை) தன்னோடு வைத்துக்கொள்ளும் மதிப்பில். கோரிக்கை முதலில் கடந்துவரும் ஃபில்டரில் பயனர் ஐடியை அதில் வைத்தார்கள், எக்செப்ஷன் (பிழை) வந்தாலும் அந்த ஐடியை அழித்துவிடும் ஃபைனலி பிளாக் இல்லை. த்ரெட் அந்த ஐடியோடே பூலுக்கு, அதாவது பொதுக் கையிருப்புக்குத் திரும்பி, லாகின் தேவைப்படாத பக்கத்துக்குப் போனது. முன்பின் தெரியாத ஒருவருக்கு “வணக்கம்” சொல்லி வேறொருவர் பெயர்! ஸ்டேட்ஃபுல் பீன் என்றாலே வம்புதான், தொடாதீர்கள்.

பழையஜாவா:
சாமி, உங்கள் கதையில் ஸ்டேட்ஃபுல் பீனே இல்லையே, பிறகு ஏன் அதைத் திட்டுகிறீர்கள்? பொருநை சொன்னதிலும் தப்பு அதன் மேல் இல்லை. ஸ்டேட்லெஸ் பீனை கன்டெய்னர் (பீன்களை நிர்வகிக்கும் சர்வர் பகுதி) உருவாக்கும்போது ஒரே ஒரு முறைதான் இஞ்செக்‌ஷன் நடக்கும். பூலில் இருக்கும் அந்த பீன் யார் கூப்பிட்டாலும் அதே ஸ்டேட்ஃபுல் பீனைத்தான் கையில் வைத்திருக்கும். யார் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் கன்டெய்னர் தரும் செஷன்கான்டெக்ஸ்டில், அழைத்தவரின் அடையாளத்தை (பிரின்சிபல்) தரும் கெட்காலர்பிரின்சிபல் மெத்தட் இருக்கிறது, அதைக் கேளுங்கள். கிளை, மொழி மாதிரி கூடுதல் விவரம் வேண்டுமா, சிடிஐயின் (பீன்களை இணைத்துத் தரும் ஜாவா வசதி) செஷன்ஸ்கோப்ட் பீன், ஒருவரின் செஷன் முழுக்க அவருக்கென்றே இருப்பது. 2009இல் ஜாவா ஈஈ 6உடனே வந்துவிட்டது. அங்கே இஞ்செக்ட் ஆவது ப்ராக்ஸி, அதாவது பதிலாள்தான். ஒவ்வொரு அழைப்பிலும் அப்போதைய செஷனுக்குரிய பீனை அதுவே தேடிப் பிடிக்கும். ஒரு டிரான்சாக்‌ஷன் (முழுதாக நடக்கும் அல்லது முழுதாக ரத்தாகும் ஒரு வேலை) முடியும்வரை போதும் என்றால் டிரான்சாக்‌ஷன்சின்க்ரனைசேஷன்ரெஜிஸ்ட்ரியில் புட்ரிசோர்ஸ் மெத்தடால் போட்டுவையுங்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு மெத்தட் பாராமீட்டராகவே அனுப்பினாலும் யாரும் அடிக்க மாட்டார்கள். அதை அசிங்கம் என்கிற ஆர்க்கிடெக்ட்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பொருநை:
அண்ணே, நான் தீர்வு கேட்கவே இல்லை. 😀

மாலைநேரம்:
செஷன்ஸ்கோப்ட் என்றதும் எங்கள் கதை ஞாபகம் வந்துவிட்டது. அதே ப்ராக்ஸி பகலெல்லாம் ஒழுங்காக ஓடியது. அறிக்கை தயாரிக்கும் மெத்தடுக்கு யாரோ அசிங்க்ரனஸ் (பின்னணியில் வேறு த்ரெட்டில் ஓடட்டும்) என்று போட்டார்கள், உடனே கான்டெக்ஸ்ட்நாட்ஆக்டிவ்எக்செப்ஷன் (இங்கே செஷனே இல்லை என்ற பிழை) லாக் முழுக்க. செஷன் அந்தப் பக்கம் போகாது, டிரான்சாக்‌ஷனும் போகாது. பிரின்சிபல் மட்டும் போனது. அறிக்கையில் பெயர் சரியாக அச்சாகி, கிளை இருக்கவேண்டிய இடம் வெற்றாக இருந்தது. வாடிக்கையாளர் அது டிசைன் என்றே நினைத்திருக்கிறார்.