டெவில் மே க்ரை 5: ரேங்க் ஏறவே மாட்டேன் என்கிறது

மஞ்சக்குப்பத்தான்: இந்த வீடியோ கேமில் நீரோ என்ற நாயகனை வைத்து ஆடுகிறேன். எதிரிகள் சாகிறார்கள், ஆனால் சண்டை போடும் அழகுக்குத் தரும் ரேங்க் ‘பி’யைத் தாண்டவில்லை. முத்தியால்பேட்டையிலிருந்து வரும் அத்தை மகன் என் கண்ட்ரோலரை வாங்கி உச்ச ரேங்கான ‘எஸ்எஸ்எஸ்’ காட்டிவிட்டு, அம்மா போட்ட பஜ்ஜியையும் காலி செய்துவிட்டுப் போகிறான். நாலாம் பாகம் ஆடாததாலா?

லாஸ்பேட்டை தம்பி: அதெல்லாம் இல்லை அண்ணா. வாள் வெட்டுக்கான முக்கோண பட்டனையே தட்டுகிறீர்களா? ஒரே வெட்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் ரேங்க் மீட்டர் ஏறாது. வாள், துப்பாக்கி, டெவில் பிரேக்கர் (நீரோவின் இயந்திரக் கை) என்று மாற்றி அடிங்க. அடி வாங்கினால் இறங்கும். ‘எஸ்’ வந்ததும் பாட்டு கோரஸுக்குத் தாவும், காதாலேயே தெரியும்.

பழைய ஆட்டக்காரன்: நீரோவின் ரெட் குவீன் வாளின் கைப்பிடி பைக் ஆக்ஸிலேட்டர்தான். வெட்டு விழும் அந்தக் கணத்தில் எல்2 பட்டனைத் தட்டுங்கள்; வாளுக்குச் சூடேற்றும் எக்ஸீட் மீட்டர் ஒரு கட்டம் நிரம்பி, அடுத்த வெட்டு நெருப்போடு விழும். வாய்ட் பயிற்சி அறையில் பழகலாம். பிரேக்கரைச் சேமித்து வைக்காதீர்கள், பயன்படுத்தும்போது அடி பட்டால் எப்படியும் உடையும்.

மஞ்சக்குப்பத்தான்: எல்2 கொஞ்சம் பிடிபடுகிறது. அப்புறம் இன்னொரு நாயகன் டான்டே வந்தால்? அவனுக்கு நாலு சண்டை ஸ்டைலாமே!

பழைய ஆட்டக்காரன்: விலகி ஓடும் ட்ரிக்ஸ்டர், வாள் வித்தைக்கான ஸ்வார்ட்மாஸ்டர் போதும். அடியைத் தடுக்கும் ராயல்கார்டு பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள்.