புதுப்பிப்பு: நூலகத்தில் செலவு குறைந்த மேக்கர்ஸ்பேஸ், காகித மின்சுற்று கைகொடுத்தது

முப்பரிமாண அச்சு இயந்திரம் வாங்க வசதியில்லாத பொது நூலகத்தில் மேக்கர்ஸ்பேஸ், அதாவது பிள்ளைகள் தாங்களே பொருள்களைச் செய்து பழகும் இடம், அமைத்து என்ன செய்முறை நடத்தலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

செப்பு டேப் ஒட்டி வாழ்த்து அட்டையில் எல்இடி எரிய வைக்கலாம் என்று ஒருவர் சொன்னதைத்தான் எடுத்துக்கொண்டோம். அட்டை, டேப், எல்இடி, 3 வோல்ட் பட்டன் பேட்டரி, அவ்வளவுதான். சாலிடரிங் (ஈயம் உருக்கிப் பற்றவைப்பது) வேண்டாம். எல்இடியின் நீளமான கால் பேட்டரியின் பிளஸ் பக்கம் வர வேண்டும்.

மூலையில் டேப்பை வெட்டி ஒட்டிய அட்டைகள் பல எரியவில்லை. சாதாரண செப்பு டேப்பில் பசை மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் துண்டு மேல் துண்டு ஒட்டிய இடத்தில் இணைப்பு விட்டுப்போகிறது. வெட்டாமல் மடித்துத் திருப்பியதும் சரியாகிவிட்டது.

எதிர்பாராதது ஒன்று: ஒரு சிறுமி சிவப்பு எல்இடியையும் நீலத்தையும் பக்கம் பக்கமாக ஒரே பேட்டரியில் இணைத்தாள். சிவப்பு மட்டும் எரிந்தது. சிவப்புக்குச் சுமார் 2 வோல்ட் போதும், நீலத்துக்கு ஏறக்குறைய 3 வேண்டும். சிவப்பு எரியும்போது மின்னழுத்தம் இறங்கிவிடுகிறது. சிவப்பைக் கழற்றியதும் நீலம் பளிச்சென்று எரிய, மேசையே அவளைச் சுற்றிக் கூடிவிட்டது. அன்றைக்கு அதைவிட நல்ல பாடம் எதுவுமில்லை என்பேன்.

அப்புறம், பட்டன் பேட்டரியைச் சின்னக் குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். வீட்டுக்குப் போகும் அட்டையில் பேட்டரி வைக்காமல் அனுப்புகிறோம்.