சனிக்கிழமை வகுப்புக்கு ஏன் பெண்கள் பெயர் மட்டும்?

கணக்குப்புத்தகம் (இழையைத் தொடங்கியவர்):

சென்னையில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் கடன் பிரிவில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். போன வாரம் ஒரு மெயில் வந்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை வடசென்னையில் பெண்களுக்கு "நிதிக் கல்வி" வகுப்பு, விருப்பம் உள்ளவர்கள் பெயர் தரலாம் என்று. விருப்பம் என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் கீழே ஏற்கெனவே பதினாறு பெயர் இருந்தது, என் பெயரும் சேர்த்து. பதினாறும் பெண்கள். எங்கள் தளத்தில் ஆண்கள்தான் அதிகம். போய்க் கேட்டேன். "லேடீஸ் போனா அவங்க மனசு விட்டுப் பேசுவாங்க மேடம்" என்றார் மேலாளர்.

சேவை செய்யப் பிடிக்காமல் இதை எழுதவில்லை. ஆறு வருஷமாகப் பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுக்கிறேன், பாடம் வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறேன். அது நானே தேடிப்போன வேலை. இது என்னைக் கேட்காமல் என் பெயரை எழுதிய வேலை. இரண்டையும் ஒரே பெயரில் "தன்னார்வம்" என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் அலுவலகங்களிலும் இப்படித்தானா? போவதா, மறுப்பதா?

பாஸ்புக் அக்கா:

தங்கச்சி, போங்க. கோபம் நியாயம்தான், ஆனாலும் போங்க. நான் பொதுத்துறை வங்கியில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள். ஒரே ஒரு சம்பவம் சொல்கிறேன், பிறகு முடிவு செய்யுங்கள்.

2024-இல் வியாசர்பாடியில் ஒரு முகாம். நாங்கள் நாலு பேர் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தோம். முப்பத்தைந்து வயசு இருக்கும், ஒரு பெண் புருஷனுடைய பாஸ்புக்கைக் கொண்டு வந்தார். அவர் மூட்டை தூக்கும் தொழிலாளி, இரண்டு மாதம் முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். கணக்கில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் இருந்தது. அதை எப்படி எடுப்பது என்று கேட்கத்தான் வந்திருந்தார். பக்கத்தைப் புரட்டினேன். முந்தின வருஷம் மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பற்று. "இது என்னம்மா?" என்றேன். "தெரியலக்கா, பேங்க்ல ஏதோ சர்வீஸ் சார்ஜ் புடிச்சாங்க, அவரு அதுக்குத் திட்டினாரு" என்றார்.

அது அரசின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டின் வருஷ பிரீமியம். இறந்தால் 2 லட்சம் ரூபாய். அந்தக் குடும்பத்துக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நாமினி பெயர் "செல்வி" என்று இருந்தது, ஆதாரில் "தமிழ்ச்செல்வி". அதைச் சரிக்கட்ட, இறப்புச் சான்றிதழ் வாங்க, கிளெய்ம் படிவம் நிரப்ப என்று நாலு தடவை அவரோடு கிளைக்குப் போனேன். பணம் வந்தது. அன்றைக்கு நான் வீட்டில் இருந்திருந்தால் ஆயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு கணக்கை முடித்துவிட்டுப் போயிருப்பார்.

பாஸ்புக்கில் அந்த வரியைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாம். டாக்டர் முகாமுக்குப் போகிற மாதிரிதான் இதுவும்.

நேர்மேசை:

தோழருக்கு வணக்கம். பாஸ்புக் அக்கா செய்தது பெரிய காரியம், அதை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கதையே என் வாதத்துக்குத்தான் சாட்சி. அந்த 436 ரூபாயைப் பிடித்த கிளைக்கு, கணக்குக்காரர் இறந்தார் என்று மனைவி வந்து நின்றதும் "உங்களுக்குக் காப்பீடு இருக்கிறது" என்று சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது. கவுண்டரில் ஆள் போதவில்லை, அதனால் சொல்லவில்லை. ஆள் எடுக்காத ஓட்டையை ஒரு பெண் தன் சனிக்கிழமையைப் போட்டு அடைக்கிறார். அடைத்துக்கொண்டே இருந்தால் ஆள் எடுக்கவே மாட்டார்கள்.

அடுத்தது நேரம். 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள், அரசே எடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு ஒரு நாளில் பெண்கள் 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்பவர்களை மட்டும் எடுத்த சராசரி. வீட்டில் ஒரு தம்ளரைக்கூட எடுத்து வைக்காத ஆண் அந்த 88-க்குள்ளேயே வரமாட்டார். வங்கிகளுக்கு 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாம், நான்காம் சனிக்கிழமை மட்டும்தான் விடுமுறை. ஒரு வங்கிப் பெண்ணுக்கு அந்த இரண்டு சனிக்கிழமையில்தான் மாவு அரைப்பது, மாமியாருக்கு மருந்து, பிள்ளைக்குப் பல் டாக்டர் எல்லாம். அதிலும் ஒன்றை எடுத்துக்கொண்டு அதற்குச் சேவை என்று பெயர் வைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

பாஸ்புக் அக்கா:

கிளை செய்திருக்க வேண்டியதுதான் தம்பி. செய்யவில்லையே. ஆள் எடுக்கும்வரை தமிழ்ச்செல்வியைக் காத்திருக்கச் சொல்லவா?

நேர்மேசை:

காத்திருக்கச் சொல்லவில்லை அக்கா. வேலை நேரத்தில், சம்பளத்தோடு, ஆணும் பெண்ணுமாகப் போகட்டும் என்கிறேன். இந்த இழையில் பேச்சு அதுதான்.

நிறுவனம் எதற்காக இதைச் செய்கிறது என்றும் பார்க்க வேண்டும். கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். ஊழியர் தரும் நேரத்தைப் பணமாக மதிப்பிட்டு அந்த 2 சதவீதத்தில் கழிக்க முடியாது என்று அமைச்சகமே விளக்கம் கொடுத்திருக்கிறது. ஆக உங்கள் சனிக்கிழமையால் அந்தக் கணக்கில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. மிஞ்சுவது ஆண்டறிக்கையில் போடும் படம். நீலப் புடவையில் பதினாறு பெண்கள், பின்னால் பேனர்.

பாஸ்புக் அக்கா:

ஒரு திருத்தம். தேசியமயமான வங்கிகள் கம்பெனிச் சட்டத்தின் கீழ் உருவானவை இல்லை, அவற்றுக்கு 1970, 1980 சட்டங்கள். பாரத ஸ்டேட் வங்கிக்கு 1955-ஆம் வருஷச் சட்டம். அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த 135 பொருந்தாது. நாங்கள் போனது படத்துக்காகவும் இல்லை. அன்றைக்கு எங்களிடம் பேனரே இல்லை.

தர்மபுரிக்காரி:

இவ்வளவு பேர் பேசுகிறீர்கள், வகுப்பில் எதிரே உட்காருகிறவர்கள் பக்கத்திலிருந்து யாரும் பேசவில்லை. நான் பேசுகிறேன்.

1989-இல் எங்கள் மாவட்டத்தில்தான் மகளிர் குழுக்கள் தொடங்கின, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. என் அம்மா ஒரு குழுவுக்கு ஊக்குநர். வாரா வாரம் இருபது பேரிடம் சேமிப்பு வாங்கி, தீர்மானப் புத்தகம் எழுதி, யாருக்கு எவ்வளவு உள்கடன் என்று கணக்கு வைத்து, மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் பேங்குக்குப் போய்க் கட்டிவிட்டு வருவார். அதற்காக யாரும் ஒரு பைசா கொடுத்ததில்லை. எட்டாவது படித்தவர். அரிக்கேன் வெளிச்சத்தில் கூட்டல் போட்டு, ஒரு ரூபாய் இடித்தாலும் எல்லா வீட்டுக்கும் போய்த் திரும்பக் கேட்டு வருவார். நிதித்துறையில் பெண்கள் சம்பளமில்லாமல் உழைத்தது என்றால் எனக்கு முதலில் அவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.

இப்போது நான் கூட்டுறவு வங்கியில் இருக்கிறேன். சென்னையிலிருந்து வருகிற வகுப்புகளில் "சேமிப்பது எப்படி" என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். எங்கள் பெண்களுக்குச் சேமிக்கச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. சாமி படத்துக்குப் பின்னால், அரிசிப் பானையில், சீட்டில் என்று எப்படியாவது சேர்த்துவிடுவார்கள். கடன் ஒப்பந்தத்தின் மூன்றாவது பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, வட்டி குறையும் பாக்கிக்கா மொத்தத்துக்கா, கடனோடு சேர்த்துப் பிடித்த காப்பீடு யார் பேரில், இதைத்தான் யாரும் சொல்வதில்லை. வருகிறவர்கள் வகுப்பு எடுக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தைப் படித்துச் சொன்னால் போதும்.

வசூல்_பழசு:

இந்தக் கடைசி வரிக்காகவே எழுதுகிறேன். ஏழு வருஷம் குழுக் கடன் கம்பெனியில் களப்பணியாளராக இருந்து விலகியவன். காலையில் சென்டர் மீட்டிங் போட்டுத் தவணை வாங்குவோம். அதே தெருவில் அதே கம்பெனியின் பெண் ஊழியர்கள் சாயங்காலம் வந்து "அளவோடு கடன் வாங்குங்கள்" என்று வகுப்பு எடுப்பார்கள். எதிரே இருக்கிற அம்மா எப்படி உண்மையைப் பேசுவார்? வேறு ரெண்டு இடத்தில் கடன் இருக்கிறது என்று சொன்னால் அடுத்த லோன் கிடைக்காது என்று பயம்.

2022-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, வருஷ வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தருவது குறுங்கடன். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிக் கொடுத்தாலே பல வீடு தப்பும். ஆனால் கடன் விற்கிற கம்பெனியின் ஊழியர் அதைச் சொல்வாரா, சொல்ல விடுவார்களா? கணக்குப்புத்தகம் மேடம், நீங்கள் கடன் பிரிவு என்கிறீர்கள். உங்கள் நிறுவனம் அந்த ஏரியாவில் கடன் கொடுக்கிறதா? முதலில் அதைக் கேளுங்கள்.

ராயபுரம்88:

ஆண் தரப்பிலிருந்து ஒன்று. நான் தனியார் வங்கி. போன வருஷம் பெயர் கொடுத்தேன், "ஜென்ட்ஸ் வேண்டாம், பெண்கள் கூச்சப்படுவாங்க" என்று திருப்பிவிட்டார்கள். எங்களில் எல்லோரும் ஒதுங்கி நிற்கவில்லை.

கணக்குப்புத்தகம்:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவராக வருகிறேன்.

ராயபுரம் சார், நீங்கள் சொன்னது எனக்குப் புதிது. பெண்களுக்குக் கூச்சம் என்பது பாதி உண்மை. கடன் வாங்கித் தருவதும் தவணை வசூலிக்க வருவதும் பெரும்பாலும் ஆண்கள்தான், அப்போது மட்டும் கூச்சம் எங்கே போகிறது?

வசூல்_பழசு சார், கேட்டேன். அந்த வார்டில் எங்கள் நிறுவனம் கடன் கொடுக்கிறது. அதைக் கேள்விப்பட்டதும் எனக்கு மனசு சரியில்லை. கடன் ஒப்புதல் போடுகிற கையோடு அதே தெருவில் போய் அறிவுரை சொல்ல என்னால் முடியாது.

பாஸ்புக் அக்கா, உங்கள் சம்பவத்தைப் படித்துவிட்டு அன்றிரவு தூக்கமில்லை. ஆனால் நீங்கள் செய்தது யாரும் அனுப்பாமல் செய்தது. நான் தேர்வு எழுதுவதும் அப்படித்தான், அதனால் அதைக் கொஞ்சம் சொல்கிறேன். போன நவம்பரில் ஒரு தம்பிக்கு எம்.ஏ. வரலாறு எழுதினேன். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு, மூன்று மணி நேரத் தேர்வு நாலு மணி நேரம். அவர் ஒரு வரி சொல்லி நிறுத்துவார், என் பேனா நின்ற சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த வரி. நடுவில் விடைத்தாளை வாங்கி விரலால் பக்கத்தின் கனத்தைத் தடவிப் பார்ப்பார், எவ்வளவு எழுதியாயிற்று என்று. "அக்கா, 'ஆகவே' எடுத்துருங்க, 'ஆனாலும்' போடுங்க" என்றார் ஒரு இடத்தில். அந்த ஒரு சொல்லில் விடையே மாறிவிட்டது. அவர் சொன்னதை எழுத மட்டும்தான் நான் அங்கே இருந்தேன். அந்த அடக்கம் எனக்குப் பேனர் கட்டின வகுப்பில் வராது.

ஆனால் தேர்வுகள் வாரநாளில் வருகின்றன. 12 நாள் தற்செயல் விடுப்பில் ஏழு போன வருஷம் அதற்கே போனது. மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது சம்பளப் பிடித்தத்தில் விடுப்பு எடுத்தேன்.

தர்மபுரிக்காரி:

தேர்வு எழுதப் போக நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2018 வழிகாட்டுதல்படி, மாணவர் தானே கூட்டி வரும் எழுத்தருடைய படிப்பு அவர் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்று இருந்தது. அதன்படி டிகிரி முடித்த நாம் எம்.ஏ.வுக்கு எழுதலாம், பி.ஏ. மாணவருக்கு உட்கார்ந்தால் சிக்கல். விதி மாறிக்கொண்டும் இருக்கிறது, போகும் முன் தேர்வு நடத்தும் இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாஸ்புக் அக்கா:

தங்கச்சி, உங்கள் நிறுவனம் கடன் கொடுக்கும் தெருவுக்குப் போகாதீர்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விடுமுறை நாளே வேண்டாம், வேலை நேரத்தில்தான் போக வேண்டும் என்பதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. கூலிக்குப் போகிற பெண் புதன்கிழமை பதினொரு மணிக்கு உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தால் அவளுக்கு அன்றைய கூலி போச்சு. உங்கள் வசதிக்கு வேலை நேரம், அவள் வசதிக்கு? ஞாயிறு சாயங்காலம்தான் அவளுக்கு ஓய்வு. முப்பது வருஷம் பார்த்துச் சொல்கிறேன்.

நேர்மேசை:

இது சரியான கேள்வி. இதற்கு என்னிடம் இருக்கும் ஒரே பதில் ஈடுவிடுப்பு. ஞாயிறு போனால் திங்கள் அல்லது செவ்வாய் சம்பளத்தோடு விடுப்பு, எழுத்தில். அது இல்லாமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம் என்றுதான் இப்போதும் சொல்வேன்.

பாஸ்புக் அக்கா:

ஈடுவிடுப்பு கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். கிடைக்காவிட்டாலும் நான் போவேன். அதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை தம்பி.

கணக்குப்புத்தகம்:

இன்று மனிதவளப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். பெயர்ப் பட்டியலை எடுத்துவிட்டு ஆண், பெண் எல்லோருக்கும் புதிதாகக் கேட்க வேண்டும், நாம் கடன் கொடுக்கும் வார்டுகளில் நம் ஆட்கள் வகுப்பு எடுக்கக் கூடாது, போகும் நாளுக்கு ஈடுவிடுப்பு, தேர்வு எழுதுபவர்களுக்கு வருஷத்துக்கு நாலு நாள் தனி விடுப்பு. பதினாறு பேரில் பதினொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். எதிர்வரிசையில் உட்காரும் இரண்டு ஆண்களும் போட்டார்கள். மேலாளர் வாங்கி மேசை மேல் வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா, அடுத்த ஞாயிறு வியாசர்பாடிக்கு உங்களோடு வருகிறேன், என் பெயரில், நிறுவனத்தின் பெயர் இல்லாமல். என்னென்ன படிவம் எடுத்து வரவேண்டும்?

பாஸ்புக் அக்கா:

கிளெய்ம் படிவம் என்னிடம் இருக்கிறது. ஸ்டாம்ப் பேட், கார்பன், பெரிய எழுத்தில் அச்சடித்த நாமினி படிவம் இருபது. சாயங்காலம் நாலு மணிக்கு வாங்க, அதற்கு முன்னால் அவர்கள் தண்ணீர் பிடிக்கிற நேரம்.