மொறிஸ் மைனர் டாஷ்போர்டில் பேக்லைட் குமிழ்கள் வெளுத்துவிட்டன, ஸ்பிரே அடிக்காமல் மீட்க முடியுமா?

சுன்னாகம்_மைனர்

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். அப்பப்பா வைத்திருந்த 1957 மொறிஸ் மைனர் 1000 இப்போது என் பொறுப்பில். என்ஜின், பிரேக் வேலை முடிந்தது, பெயின்டும் முடிந்தது, டாஷ்போர்டுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். ஸ்டார்டரை இழுக்கிற 'எஸ்' குமிழ், சோக்குக்கான 'சி' குமிழ், லைட், வைப்பர் சுவிட்ச் குமிழ்கள் எல்லாம் பளபளவென்று கறுப்பாக இருந்தவை. இப்போது வெயில் படுகிற மேல்பக்கம் மட்டும் சாம்பல் பூத்து மண்ணிறமாகிவிட்டது, விரலால் தேய்த்தால் தூள் ஒட்டுகிறது. பின்பக்கம் இன்னும் நல்ல கறுப்பு. எழுத்துக்குள் இருந்த வெள்ளை பெயின்ட் போய்விட்டது. சோக் குமிழின் கழுத்தில் மயிரிழை அளவு வெடிப்பு ஒன்றும் இருக்கிறது.

கராஜில் கேட்டால் "நல்லாத் தேய்ச்சுப்போட்டு கறுப்பு ஸ்பிரே அடியுங்கோ" என்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. அப்பப்பாவின் கைபட்டுத் தேய்ந்தவை இவை, அந்தத் தேய்மானம் அப்படியே இருக்கட்டும், கறுப்பு மட்டும் திரும்பினால் போதும். செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

புதுப்பேட்டை_பழசு

தம்பி, ஸ்பிரே அடிக்காததே பாதி வேலை முடிந்த மாதிரி. தினமும் கை படுகிற இடத்தில் ஸ்பிரே நிற்காது, ஓரத்திலிருந்து உரிய ஆரம்பிக்கும், அப்புறம் அதைச் சுரண்டி எடுப்பதற்குள் எழுத்தும் போய்விடும்.

முதலில் இது என்ன பொருள் என்று புரிந்துகொள்ளுங்கள். பீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்து பேக்லேண்ட் என்ற வேதியியலாளர் 1907இல் கண்டுபிடித்து 1909இல் காப்புரிமை வாங்கிய பிசின்தான் பேக்லைட். வெறும் பிசின் நொறுங்கும் என்பதால் பலம் கொடுக்க மரத்தூள் மாதிரி நிரப்பிகளைக் கலந்து, சூடான அச்சில் அழுத்தி எடுப்பார்கள். அச்சைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேல்தோலில் பிசின் அதிகம், பளபளப்பு முழுக்க அங்கேதான். வெயில் அந்தப் பிசினைத் தின்றுவிட்டால் உள்ளே இருக்கும் தூள் வெளியே தெரியும், உங்கள் விரலில் ஒட்டுவது அதுதான். அதனால் முரட்டு உப்புத்தாளை எடுத்துவிடாதீர்கள். மிச்சமிருக்கும் தோலையும் அறுத்துவிட்டால் எவ்வளவு பாலிஷ் போட்டாலும் பழைய மினுமினுப்பு வராது.

கழற்றும் முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். சுவிட்ச் குமிழ்களின் அடியில் சின்னத் துளை இருக்கிறதா பாருங்கள். அந்தக் கால லூகாஸ் சுவிட்சுகளில் அதற்குள் ஸ்பிரிங் வைத்த ஊசி இருக்கும், மெல்லிய கம்பியால் அதை அமுக்கிக்கொண்டு இழுத்தால் நாப் கையோடு வரும். எஸ், சி இரண்டையும் கம்பியிலிருந்து பிரிக்கவே வேண்டாம். கார்புரேட்டர் முனையில் சோக் கேபிளைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தினால் உள்கம்பி நாப்போடு சேர்ந்து காருக்குள் உருவிக்கொண்டு வரும். ஸ்டார்டர் கேபிளுக்கும் அதே கதைதான். பிளையர் போட்டு இழுக்க வேண்டாம், பேக்லைட் வளையாது, உடையும்.

வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் வைத்து மென்மையான பிரஷ்ஷால் கழுவி உடனே துடைத்துவிடுங்கள், ஊறப்போட்டால் உள்ளே இருக்கும் மரத்தூள் தண்ணீரைக் குடித்துவிடும். காய்ந்ததும் பழைய பருத்தி பனியன் துணியில் பிராஸோ (பித்தளை துலக்கும் பாலிஷ்) இரண்டு சொட்டு விட்டுச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். துணியில் பழுப்புக் கறை இறங்கும், பயப்பட வேண்டாம், செத்துப்போன மேல்படலம்தான் அது. தேய்க்கத் தேய்க்க அடியில் கறுப்பு எழும்புவது கண்ணுக்குத் தெரியும். கறை மெலிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

கோவை_பட்டறை

வெடிப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, அதுதானே முதலில் கவனிக்க வேண்டியது. இழுக்கும்போது மொத்த பலமும் கழுத்தில்தான் விழும், அப்படியே விட்டால் ஒருநாள் நாப் தனியாகக் கையில் வந்துவிடும்.

வெடிப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் ஸ்பிரிட் விட்டுக் கழுவுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் அரால்டைட் (இரண்டு டியூபைக் கலந்து போடும் எபாக்ஸி பசை) வேண்டாம், ஒருநாள் எடுக்கும் மெதுவான வகையை வாங்குங்கள். பிசினைக் கலந்த பிறகு நாப்பை ஹேர் டிரையரில் லேசாகச் சூடாக்கிப் பூசினால் பிசின் இளகி வெடிப்புக்குள் தானாகவே இறங்கும். மேலே நூலைச் சுற்றி இறுக்கி விட்டுவிடுங்கள். நிறத்துக்கு, பழைய வீட்டு கறுப்பு பேக்லைட் சுவிட்ச் ஒன்றை அரத்தால் ராவி அந்தத் தூளைப் பிசினில் கலப்பேன், ஒட்டுப் போட்ட இடம் கண்ணில் படாது.

வேதியியல்_வாத்தியார்

கோவை நண்பர் சொன்ன முறையில் ஒட்டு நன்றாகத்தான் அமையும், ஆனால் அந்தத் தூள் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சூடு தாங்க வேண்டிய மின்சாதனங்களுக்கான பழைய பேக்லைட்டில் மரத்தூளுக்குப் பதில் அஸ்பெஸ்டாஸ் நிரப்பியதும் உண்டு. கையில் இருப்பது எந்த வகை என்று பார்த்துச் சொல்ல முடியாது. பழைய சுவிட்சை ராவிக் கிளம்பும் தூசியை மூச்சில் இழுப்பது தேவையற்ற ஆபத்து. ஹார்ட்வேர் கடையில் தரைக்குப் போடும் கறுப்பு ஆக்சைடு பொடி கிடைக்கும், அரால்டைட்டில் ஒரு சிட்டிகை போதும். நாப்பில் ஆழமான கீறல் இருந்து உப்புத்தாள் போட்டே ஆக வேண்டுமென்றால் 2000 நம்பர் தாளை, தண்ணீர் தொட்டு மட்டும் தேயுங்கள். உலர்ந்த தாள் கூடவே கூடாது.

இன்னொன்று, எல்லாம் பேக்லைட்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாப்பைக் கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்தால் பழைய கார்பாலிக் சோப்பு மாதிரி பீனால் வாசனை வரும். அதே காலத்துக் கார்களில் தந்த நிறத்தில் வரும் நாப்கள் இந்த வகை அல்ல. பீனால் பிசினே நாளாக ஆகக் கருக்கும் என்பதால் வெளிர் நிறத்துக்கு யூரியா பிசினோ செல்லுலோஸ் வகைகளோதான் போட்டார்கள். செல்லுலோஸ் என்றால் ஸ்பிரிட் பட்டாலே மேல்பரப்பு கெட்டுவிடக்கூடும். சூடான ஊசியால் குத்திச் சோதிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், செல்லுலோஸ் நைட்ரேட்டாக இருந்தால் குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

கோவை_பட்டறை

வாத்தியார் சொல்வது சரி, ஆக்சைடு பொடியே நல்லது. இனி நானும் அதையே போடுகிறேன்.

சுன்னாகம்_மைனர்

எல்லோருக்கும் நன்றி. வைப்பர் குமிழை மட்டும் முதலில் எடுத்துப் பார்த்தேன், புதுப்பேட்டை அண்ணா சொன்ன துளை அடியில் இருந்தது, கம்பியால் அமுக்கியதும் கழன்றுவிட்டது. முகர்ந்தும் பார்த்தேன், அந்த வாசனை வருகிறது. பிராஸோ போட்டதில் மேல்பக்கம் கறுப்பாகிவிட்டது, ஆனால் விளிம்பில் ஒரு திட்டு மட்டும் சாம்பலாகவே நிற்கிறது. அதற்கு என்ன செய்யலாம்? எழுத்துக்கு பெயின்ட் முன்பா, வாக்ஸ் முன்பா?

புதுப்பேட்டை_பழசு

அந்தத் திட்டில் தோல் போய்விட்டது, இனி தேய்க்காதீர்கள். கறுப்பு ஷூ பாலிஷைத் துணியில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் அழுத்திப் பூசி, ஒரு இரவு விட்டுத் துடையுங்கள். சாயம் உள்ளே இறங்கி நிறம் சமமாகும். வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

வாக்ஸ், ஷூ பாலிஷ் எல்லாமே கடைசியில்தான், அதன் மேல் பெயின்ட் பிடிக்காது. எஸ், சி இரண்டிலும் எழுத்துக் குழியில் அடைந்திருக்கும் பிராஸோவைப் பல்குத்தும் குச்சியால் எடுத்து, சோப்பால் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். வெள்ளை எனாமலில் ஒரு சொட்டு மஞ்சள் சேர்த்தால் பழைய சாயல் வரும், அப்பட்டமான வெள்ளை அந்த டாஷ்போர்டில் துருத்திக்கொண்டு தெரியும். குழிக்குள் நிரப்பி, மேலே வழிந்ததை விசிட்டிங் கார்டு விளிம்பால் வழித்துவிடுங்கள். மிச்சத்தை டர்பென்டைன் தொட்ட துணியை விரலில் இறுக்கிச் சுற்றி, குழிக்குள் இறங்காதபடி மேலாக ஒரே இழுப்பாக இழுங்கள். தின்னர் வேண்டாம். இரண்டு நாள் காய்ந்த பிறகு கார்னாபா வாக்ஸ் மெல்லிசாக ஒரு பூச்சு. டாஷ்போர்டுக்கு அடிக்கும் சிலிக்கோன் ஸ்பிரே பக்கமே போகாதீர்கள், நாளைக்கு எழுத்தைத் திரும்ப நிரப்ப வேண்டி வந்தால் பெயின்ட் ஒட்டாது.

சோக் நாப்பை ஒட்டி முடித்ததும் ஒரு படம் போடுங்கள். கழுத்துப் பக்கம் நெருக்கமாக எடுங்கள், ஒட்டு முழுக்க இறங்கியிருக்கிறதா பார்த்துச் சொல்கிறேன். அதுவரை கேபிளை மாட்ட வேண்டாம்.