நேட்டால் போன கொள்ளுத்தாத்தா: புதுப்பிப்பு

கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலியாக தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறி, திரும்பியே வராத கொள்ளுத்தாத்தாவைத் தேடுவதாக முன்பு எழுதியிருந்தேன் இல்லையா, ஆள் கிடைத்துவிட்டார்! 1860 முதல் 1911 வரை போன ஒன்றரை லட்சம் பேருக்கும் ஆளுக்கொரு எண் கொடுத்து, பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஊர், உடம்பிலுள்ள தழும்பு வரை கப்பல் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறார்கள். பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள், காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதில் கண்டபடி மாறியிருக்கும். அப்பா பெயரும் ஊரும் சேர்ந்து பொருந்த வேண்டும். எனக்கு உறுதியானது இடது புருவத்துத் தழும்பால்தான். பாட்டி சொல்லிக்கொண்டே இருந்த அதே தழும்பு, படித்ததும் அழுதுவிட்டேன். சரி, அடுத்து எந்தத் தோட்டத்தில் இருந்தார், அங்கே குடும்பம் இருந்ததா என்று பார்க்க வேண்டும்.