வடசென்னைக்கு மறுபடி பெரிய மில்லா, பட்டறைக்கு 45 நாள்ல காசா?

மில்கேட்:
பின்னி மில் 1996-ல மூடினதுல இருந்து பெரம்பூர், புளியந்தோப்பு பக்கம் வேலைன்னா துண்டு துண்டாத்தான் கிடைக்குது. பட்டறைகளுக்கு மானியம், கடன்னு பிரிச்சுக் கொடுக்கிறதை விட ஒரு பெரிய ஆலையைக் கொண்டுவரலாம். 1918-ல சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூர்ல உருவானதே அந்த மில் தொழிலாளர்களாலதான். எட்டு பேர் நிக்கிற லேத் பட்டறையில சங்கம் எப்படி வரும்? தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.க்கு 10 பேர் வேணும், பி.எஃப்.க்கு 20 பேர். அந்த எண்ணிக்கை வராம இருக்க ஒரே ஷெட்டை ரெண்டு கம்பெனி மாதிரிப் பிரிச்சுக் காட்டுறாங்க.

வியாசைலேத்:
ஷெட்டைப் பிரிச்சுக் காட்டுறது தப்புதான், அதுல உங்க பக்கம் நிக்கிறேன். ஆனா பெரிய ஆலை வந்தாலும் புஷ், பின், ஸ்பேசர் மாதிரி சின்ன உதிரி பாகமெல்லாம் கடைசலுக்குப் பட்டறைக்குத்தான் வரும் தோழர். பட்டறை நொடிக்கிறது மானியம் இல்லாம இல்ல, செஞ்ச வேலைக்குக் காசு வராம. மாசம் 6 லட்சத்துக்கு பில் போடுற பட்டறைன்னு வைங்க. 90 நாள் கழிச்சுப் பணம் வந்தா 18 லட்சம் வெளியே நிக்கும். 45 நாள்னா 9 லட்சம். நடுவுல இருக்கிற 9 லட்சத்தை ரெண்டு வட்டிக்கு வாங்கினா மாசம் 18,000 போச்சு, ஒரு ஹெல்பர் சம்பளம் அது. ஜிஎஸ்டியும் பணம் வர்றதுக்கு முன்னாடியே கட்டியாகணும். கையில காசு இல்லன்னா லேத்துல இரும்பைச் சீவுற இன்சர்ட் முனை தேஞ்சாலும் அதையே இன்னும் ரெண்டு நாள் ஓட்டுவாங்க. கடையுற பாகத்தோட வெளி விட்டம் ஏறும், முழு லாட்டும் ரிஜெக்ட்.

மில்கேட்:
குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள்ள காசு கொடுக்கணும்ங்கிற சட்டம் 2006-லயே வந்தாச்சே. புகார் கொடுத்தா அடுத்த ஆர்டர் வராது. வருமான வரியில 43பி(எச்)ங்கிற விதி வந்த பிறகு வேற சிக்கல்: குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள்ள கட்டலன்னா அந்தச் செலவை பணம் கட்டுற வருஷத்துலதான் வருமான வரியில கழிக்க முடியும். அதனால வாங்குறவங்க ஆர்டரை நடுத்தர நிறுவனத்துக்கு மாத்திடலாம், அவங்களுக்கு இந்த விதி கிடையாது.

கணக்கர்_வண்ணை:
அந்தப் பயம் நியாயமானது. ஆனா பல பட்டறைகள் சட்டம் வரைக்கும் போறதுக்கு முன்னாடியே தோக்குது, காகிதத்துல. சரக்கு போறதுக்கு முன்னாடியே உத்யம், அதாவது சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு இருக்கணும். அதுவும் உற்பத்தி அல்லது சேவைன்னு. வணிகர்னு பதிஞ்சா தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு கிடைக்காது. பதிவு எண் பில்லுல அச்சாகட்டும். எழுத்துல ஒப்பந்தம் இல்லன்னா கெடு 15 நாள்தான். ஒப்பந்தத்துல 90 நாள்னு போட்டாலும் 45-க்கு மேல செல்லாது. கெடு தாண்டினா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு வட்டி, மாசாமாசம் கூட்டு வட்டியா.

எல்லாத்தையும் விட டிசி, அதாவது சரக்கோட போற டெலிவரி சலான் முக்கியம். கம்பெனி கேட்டுல செக்யூரிட்டி அதுல ஊதா மையில சீல் குத்துவார், தேதி போட மாட்டார். அந்தத் தேதியிலதான் கணக்கே தொடங்குது. சரக்கு சேர்ந்த 15 நாளுக்குள்ள எழுத்துல குறை சொல்லலன்னா, சேர்ந்த நாளே ஏத்துக்கிட்ட நாள். தேதி இல்லாத டிசியை வச்சுக்கிட்டு, தாமதப் பணப் புகாரை விசாரிக்கிற கவுன்சில்ல என்ன பேச முடியும்? கேட்டுலயே கேட்டு வாங்குங்க.

வியாசைலேத்:
புகார் போக விருப்பமில்லன்னா ட்ரெட்ஸ் இருக்கு, பில்லை வச்சு முன்கூட்டியே பணம் வாங்குற ஆன்லைன் தளம். 250 கோடிக்கு மேல விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் அதுல சேரணும்னு உத்தரவு. பில்லை ஏத்தணும், கம்பெனி ஒப்புக்கணும், வங்கிகள் ஏலம் கேட்கும். கழிவு போக மீதி சீக்கிரமே கணக்குல வந்துடும். கெடு நாள்ல கம்பெனி வங்கிக்குக் கட்டலன்னாலும் பட்டறையைக் கேட்க முடியாது.

மில்கேட்:
கம்பெனி ஒப்புக்கணும்னு நீங்களே சொல்றீங்க. ஸ்டோர்ஸ்ல ஜிஆர்என், அதாவது சரக்கு வந்துச்சுங்கிற பதிவு போடாம ஒரு மாசம் வச்சா ட்ரெட்ஸ் என்ன செய்யும்? சேரணும்னு சொன்னாப் போதாது, இத்தனை நாளுக்குள்ள பில்லை ஒப்புக்கணும்னும் சொல்லணும். அப்படி ஒரு விதி வந்தா நான் பட்டறை பக்கம் பேசுறேன். ஆனா ஆளுங்களுக்கு பி.எஃப். வேணும். 20 பேர் இல்லன்னாலும் விருப்பப்பட்டு சேரச் சட்டத்துல வழி இருக்கு.

வியாசைலேத்:
ஜிஆர்என் விஷயத்துல நீங்க சொல்றது சரி, பாதிப் பில் அங்கதான் தூங்குது. பி.எஃப்.பும் வரட்டும். ஆனா அது கட்டக் கடைசி நாள் மாசம் 15-ஆம் தேதி. கம்பெனிப் பணம் 90 நாள் கழிச்சு வந்தா அந்த 15-ஆம் தேதியை எந்தப் பட்டறை தாங்கும், சொல்லுங்க.