ஃபைனல் ஃபேண்டஸி 14: கம்பெனியில் சேரும் புதியவர்கள் ஏன் நிலைப்பதில்லை?

நெய்தல்வீரன் கேட்டது:
வணக்கம் மக்களே. ஃபைனல் ஃபேண்டஸி 14 ஆன்லைன் கேம்ல, மெட்டீரியா டேட்டா சென்டர்ல (பல வேர்ல்டு, அதாவது சர்வர் சேர்ந்த தொகுதி) சின்னதா ஒரு ஃப்ரீ கம்பெனி (சேர்ந்து ஆடுற குழு) நடத்துறோம். பாதிப்பேர் தமிழ் பேசுறவங்க. தலைமேல முளை ஐகானோட (புது ஆளுங்கிற அடையாளம்) யார் வந்தாலும் அன்பா சேர்த்துக்கிறோம். கில் (கேம் காசு), கியர் (ஆயுதம், கவசம்) கொடுத்து டஞ்சனுக்கும் (குழுவா சண்டை போடுற இடம்) நாங்களே கூட்டிட்டுப் போறோம். ஆனா முதல் வாரம் கலகலன்னு பேசுறவங்க அப்புறம் லாகின் ஆகுறதே இல்ல. இன்னொண்ணு, சிலருக்கு கம்பெனி இன்வைட்டே போக மாட்டேங்குது. எதை மாத்தணும்?

கருங்கொண்டல்:
இன்வைட் சிக்கலை முதலில் முடித்துவிடலாம். இரண்டு காரணங்களைப் பாருங்கள். அவர் ஃப்ரீ ட்ரையல் (இலவசமாக ஆடும்) கணக்கில் இருந்தால் எந்தக் கம்பெனியிலும் சேர முடியாது. அவராகப் பார்ட்டி தொடங்க முடியாது, தனிச் செய்தி அனுப்பவும் முடியாது, மார்க்கெட் போர்டு (வீரர்கள் பொருள் வாங்கி விற்கும் சந்தை) கிடையாது, கையிருப்பு 3,00,000 கில்லைத் தாண்டாது. அதனால் அவர் பேசாமல் இருப்பதைப் பார்த்து ஆர்வமில்லாதவர் என்று எண்ணிவிடாதீர்கள், முதல் செய்தியை நீங்கள்தான் அனுப்ப வேண்டும். அவர் குழு அரட்டைக்கான லிங்க்‌ஷெல்லைத் தொடங்க முடியாதே தவிர, அழைத்தால் சேரலாம். கம்பெனிக்கென ஒரு க்ராஸ்-வேர்ல்டு லிங்க்‌ஷெல் திறந்து அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். 64 பேருக்கு இடமுண்டு.

இரண்டாவது காரணம், வேறு வேர்ல்டில் கேரக்டர் தொடங்கியிருப்பார். கம்பெனி ஒரே வேர்ல்டுக்குள்தான். லிங்க்‌ஷெல்லும் ஒரே டேட்டா சென்டரைத் தாண்டாது. பின்னால் மாற வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும். ஆகவே கேரக்டர் உருவாக்கும் முன்பே வேர்ல்டு பெயரைச் சொல்லிவிடுவது உங்கள் விளம்பரத்தின் முதல் வரியாக இருக்கட்டும்.

ட்ரையலில் இருப்பவரை வாங்கச் சொல்லி அவசரப்படுத்தவே கூடாது. ஸ்டார்ம்ப்ளட் என்ற விரிவாக்கக் கதை வரை, லெவல் 70 வரை, அதிலேயே ஆடலாம். வாங்கியபின் அந்தக் கணக்கு ட்ரையலுக்குத் திரும்பாது, பின்னர் மாதக் கட்டணமும் கட்ட வேண்டும்.

பனைநிழல்:
நெய்தல்வீரன், உங்க கேள்வியிலயே விடை இருக்கு. கில், கியர், டஞ்சன் மூணையும் நீங்களே கொடுத்துட்டா, அவர் ஆடுறதுக்கு என்னங்க மிச்சம்?

முதல்ல டஞ்சன். "அன்ரெஸ்ட்ரிக்டட் பார்ட்டி"யை டிக் பண்ணி சஸ்டாஷா டஞ்சனுக்குள்ள போனா லெவல் சின்க் (பெரிய லெவல்காரரை டஞ்சன் லெவலுக்கு இறக்குறது) வேலை செய்யாது. பெரிய லெவல்காரர் ஒரு அடி வச்சா பாஸ் (பெரிய எதிரி) காலி. புதுசா வந்தவர் பின்னாடி ஓடிட்டே இருப்பார், தன்னோட ஸ்கில் எதுக்குன்னே தெரியாது. சின்க் போட்டுட்டுத்தான் போகணும். அப்பவும் டேங்க் (முன்னாடி நின்னு அடி வாங்குறவர்) ஆடுற பழைய ஆள் அடுத்த தடுப்புச் சுவர் வரைக்கும் எதிரிகள் மொத்தக் கூட்டத்தையும் இழுக்கக் கூடாது. புதியவர் டேங்கா இருந்தா அவர்தான் முன்னாடி நடக்கணும். அவருக்கு முன்னாடி ஓடி இழுக்கிறது ரொம்பக் கொடுமை. பாஸுக்கு முன்னாடி கட்சீன் (கதைக்காட்சி) ஓடுனா எல்லாரும் சண்டை அரங்கக் கோட்டுக்கு வெளியில நிக்கணும். அவர் பார்த்து முடிக்கிறதுக்குள்ள சண்டையை ஆரம்பிச்சா வாசல் அடைபட்டு அவர் வெளியில மாட்டிக்குவார். கதைதான் இந்த கேமோட உயிர், அதை அவசரத்துல பறிக்காதீங்க.

அடுத்து கில். தொடக்கத்துல காசு கரையுறது டெலிபோர்ட்லதான் (ஊர் விட்டு ஊர் சட்டுனு தாவுறது). அதுக்குக் கையில காசு கொடுக்கிறதைவிட, மொத்தக் குழுவுக்கும் பலன் தர்ற கம்பெனி ஆக்‌ஷன்ல "ரெடியூஸ்டு ரேட்ஸ்" போட்டு வைங்க, ஒருதடவை போட்டா 24 மணி நேரம் நிக்கும், எல்லாருக்கும் டெலிபோர்ட் செலவு குறையும். கூடவே "ஹீட் ஆஃப் பேட்டில்", சண்டையில கிடைக்கிற எக்ஸ்பி (லெவல் ஏத்துற புள்ளி) கூடும். யாரும் யாருக்கும் கடன்பட்ட மாதிரி இருக்காது.

நெய்தல்வீரன்:
நன்றி, இப்பவே ரெண்டையும் போட்டுடுறேன். டேங்க், ஹீலர் (குணப்படுத்துறவர்) ஆட ரொம்பப் பயப்படுறாங்களே, அதுக்கு என்ன வழி?

பனைநிழல்:
லெவல் 15 ஆனதும் "ஹால் ஆஃப் த நாவிஸ்" பயிற்சியை முடிக்கச் சொல்லுங்க. அவங்க ரோலுக்கான பாடங்களை எல்லாம் முடிச்சா ப்ராண்ட்-நியூ ரிங் கிடைக்கும், லெவல் 30 வரைக்கும் 30% கூடுதல் எக்ஸ்பி. அப்புறம் "டியூட்டி சப்போர்ட்"ல என்பிசிங்களோட (கேமே ஆட்டுவிக்கிற பாத்திரங்க) அதே டஞ்சனைத் தனியா ஒருதடவை ஓடிப் பழகட்டும். எத்தனை தடவை செத்தாலும் யாரும் திட்டப் போறதில்ல. அதுக்கப்புறம் மனுஷங்களோட.

கருங்கொண்டல்:
புதியவர்கள் சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவைதான். லெவல் 30இல் கிளாஸ் (தொடக்கத் தொழில்) குவெஸ்ட் முடிந்தபின் ஜாப் (அதன் மேம்பட்ட வடிவம்) குவெஸ்ட் திறக்கும், ஆனால் மெயின் கதையில் "சில்ஃப்-மேனேஜ்மென்ட்" முடிந்திருக்க வேண்டும். இதை யாரும் சொல்லாததால் பலர் 35, 40 வரை ஜாப் கல் இல்லாமலே டஞ்சனுக்குள் வருகிறார்கள். ஹீலிங் பலவீனமாகத் தெரிந்தால் திட்டுவதற்கு முன் அவர் ஜாப் எடுக்காமல் தொடக்கக் கிளாஸான கன்ஜுரராகவே நிற்கிறாரா என்று பாருங்கள்.

அதைவிடப் பெரிய சறுக்கல் லெவல் 50இல், அடிப்படைக் கதை முடிந்து முதல் விரிவாக்கமான ஹெவன்ஸ்வார்டு தொடங்குவதற்கு முன். 2020இல் பேட்ச் 5.3 (கேம் அப்டேட்) குவெஸ்ட்களைக் குறைத்த பிறகும் அந்தப் பகுதி நீளம். கம்பெனிக்காரர்கள் காணாமல் போவது பெரும்பாலும் இங்கேதான். அங்கே இருப்பவரை அடையாளம் கண்டு, கதையை உடைக்காமல், "எந்த இடத்தில் இருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். எட்டுப் பேர் தேவைப்படும் ட்ரையல் சண்டை (ஃப்ரீ ட்ரையல் அல்ல, பெரிய பாஸ் சண்டை) வந்தால் ஆள் திரட்டிக் கொடுங்கள். கதையைத் தாண்டவைக்கும் ஸ்டோரி ஸ்கிப் வாங்கச் சொல்லாதீர்கள்.

போய்விட்டவர்களை உடனே நீக்கவும் வேண்டாம். கம்பெனியில் 512 பேருக்கு இடமிருக்கிறது. 45 நாள் கழித்துத் திரும்பினால் "ரிட்டர்னர்" ஐகானோடு வருவார். அப்போது அவர் பெயர் பட்டியலில் இருக்கட்டும்.